மூடுபனிக்குள்ளும் முகம் சுருங்குவது ஏன்?

மலையகத்தின் ஹட்டன் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மா சின்ன வயதிலிருந்தே தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். வயது ஐம்பதுதான், முகமோ எழுபதைக் காட்டுகிறது. பாதி நாள் மூடுபனி, மீதி நாள் மழை என்றிருக்கும் எங்கள் ஊரில் இதற்குக் காரணம் குளிர்காற்றா?"

தோட்டங்களில் பலரும் குளிரின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். குளிர்காற்று தோலை உலர்த்தும், உதட்டை வெடிக்க வைக்கும்; தேங்காயெண்ணெய் தடவினால் அந்த வறட்சி அடங்கிவிடும். கன்னத்தில் ஆழமாக விழுந்த மடிப்பு எண்ணெய்க்கு அடங்காது. அதை உண்டாக்குவது பெரும்பாலும் புறஊதாக் கதிர். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் மேலே ஏற ஏற இக்கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். நுவரெலியா இருப்பதோ ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், அதுவும் பூமத்திய ரேகைக்கு அருகில். மெல்லிய முகிலையும் பனிமூட்டத்தையும் இக்கதிரின் பெரும்பகுதி கடந்து வந்துவிடும். உடம்புக்குச் சூடாகத் தெரிவது வேறு கதிர் என்பதால், குளிர்ந்த காலையில் வெயில் படுவதை நாம் உணர்வதே இல்லை.

புறஊதாக் கதிரில் நீண்ட அலைநீளமுள்ள 'ஏ' வகை கண்ணாடியையும் ஊடுருவும். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது: யன்னல் பக்கமிருந்த இடது கன்னம் முழுவதும் தடித்த மடிப்புகள், வலது கன்னம் பல ஆண்டுகள் இளமையாக. நம் நாட்டுச் சாரதிகள் வலப்பக்கம் அமர்வதால், ஹட்டன் பாதையில் பஸ் ஓட்டுபவர்கள் கண்ணாடியில் வலது கன்னத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம்.

தோலுக்குள் நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. தோலின் நடுப்படையை இறுக்கமாக வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிற்றைப் போன்றது அதன் மூலக்கூறு. முறுக்கு இறுகியிருப்பதால் சாதாரண நொதியங்கள் அதைத் தொட முடியாது, ஆகவே ஒரு முறை உருவான கொலாஜன் தோலில் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். புறஊதாக் கதிர் பட்டதும் கலங்களில் தீவிர ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகி, 'ஏபி-1' என்னும் மரபணு இயக்கியைத் தூண்டிவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் கொலாஜனை வெட்டும் நொதியம் சுரக்கிறது. நாகம் (சிங்க்) என்னும் உலோகத்தைத் தன் நடுவில் கொண்டிருக்கும் இந்நொதியம் கண்ட இடத்திலும் வெட்டுவதில்லை. மூலக்கூறின் நீளத்தில் முக்கால் பங்கு தூரத்திலுள்ள குறிப்பிட்ட ஓர் இடத்தில் மூன்று புரிகளையும் துண்டிக்கிறது. அதன் பின் முறுக்குத் தளர, மிச்சத்தை மற்ற நொதியங்கள் தின்று முடிக்கின்றன. தோல் சிவக்கத் தேவையான அளவைவிட மிகக் குறைந்த கதிரே இதற்குப் போதும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டினார்கள்.

கதை அத்துடன் முடிவதில்லை. கொலாஜனை உற்பத்தி செய்யும் நார்க்கலங்கள் அந்தக் கொலாஜனையே பற்றிக்கொண்டு, நாலா பக்கமும் இழுபட்டு விரிந்து நிற்பவை. பிடிமானம் அறுந்ததும் கலம் சுருண்டுவிடும். சுருண்ட கலம் புதிய கொலாஜனைக் குறைவாகவும், வெட்டும் நொதியத்தைக் கூடுதலாகவும் ஆக்கும். அழிவே அடுத்த அழிவுக்கு வழி திறக்கிறது. சிகரெட் புகையும் இதே நொதியத்தைத்தான் கூட்டுகிறது. நெற்றியிலும் புருவ நடுவிலும் விழும் கோடுகள் மட்டும் வேறு: அவை தசை திரும்பத் திரும்பச் சுருங்குவதால் வருபவை, அவற்றுக்கே தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசி, அதன் பலன் மூன்று நான்கு மாதம்.

இனிச் சிகிச்சை. கொலாஜன் கலந்த கிறீம் வாங்குவது வீண். தோலின் மேற்படையைக் கடக்கக்கூடிய மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 500 டால்டன் (மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) வரைதான். கொலாஜனுடையது சுமார் மூன்று இலட்சம். சந்தைகளில் விற்கும் சில வெள்ளையாக்கும் கிறீம்கள் அதைவிட மோசம்: அவற்றில் பாதரசம் இருக்கலாம், ஸ்டெரொயிட் இருந்தால் தோல் இன்னும் மெலியும். நிரூபணமான மருந்து விற்றமின் ஏயிலிருந்து வந்த ட்ரெட்டினொயின். அது மேலே சொன்ன 'ஏபி-1'ஐ அடக்கி, புதிய கொலாஜனையும் தூண்டுகிறது. இரவில் மட்டும், பட்டாணி அளவு, வைத்தியரின் ஆலோசனையோடு பூச வேண்டும். முதல் வாரங்களில் தோல் உரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

தடுப்பு அதைவிட மலிவு. அவுஸ்திரேலியாவில் 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வில், நாள்தோறும் சன் கிறீம் பூசியவர்களின் தோல் முதுமை, விரும்பியபோது பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் மலையில் நிற்கும் ஒருவரிடம் விலை கூடிய சன் கிறீமைச் சிபாரிசு செய்வது எளிது, அவர் வாங்குவது கடினம். விளிம்பு அகன்ற தொப்பி போடலாம் என்றால், கூடையின் கயிறு தலையில்தான் தொங்குகிறது, தொப்பி எங்கே நிற்கும்? கயிறு உறுத்தாமலிருக்க மடித்துப் போடும் துணி நெற்றியை மறைப்பதால் அங்கே தோல் மிருதுவாகவே இருக்கிறது. கன்னம் வெறுமனே காய்கிறது. சுமையைத் தோளுக்கு மாற்றி, தலைக்கு அகன்ற விளிம்பு கிடைக்கும்படி ஒரு கூடையை வடிவமைக்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய நிதி தேவையில்லை. இந்த ஆய்வுகளில் பல வெள்ளைத் தோலில் நடந்தவை என்பதும் என் மனக்குறை. கறுத்த தோலில் மெலனின் என்னும் நிறமி ஓரளவு காப்பதால் மடிப்பு தாமதமாக வந்து, கரும்புள்ளிகள் முந்திக்கொள்கின்றன.

அம்மாவுக்கு இப்போது தொடங்கினால் பயனுண்டா என்றும் வாசகி கேட்கிறார். 2007இல் சராசரி 87 வயதுடைய 36 பேரின் மேற்கையின் உட்புறத் தோலில், ட்ரெட்டினொயினின் நெருங்கிய உறவான ரெட்டினோலை வாரம் மூன்று முறை வரை 24 வாரம் பூசிப் பார்த்தபோது, மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததோடு புதிய கொலாஜனும் உருவாகத் தொடங்கியிருந்தது.