அக்கூஸ்டிக் என்றால் ஒலியியலா?

அமெரிக்கக் கிறிஸ்தவ இசையில் மரக் கிட்டாரும் பாஞ்சோ என்ற தோல் போர்த்திய கம்பிக் கருவியுமாகப் பாட வரும் புதியவர்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் காலை இடறும்: அக்கூஸ்டிக், ரூட்ஸ். முதலாவதற்கு அகராதியைப் பார்த்து ‘ஒலியியல் கலைஞர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஒலியியல் என்பது இயற்பியலின் ஒரு பிரிவு. ஒலியியல் கலைஞர் என்று படித்தால் ஆய்வுக்கூடம்தான் நினைவுக்கு வரும், கிட்டார் வராது.

சொல் பிறந்தது கிரேக்கத்தில். ‘அகூவோ’ என்றால் கேட்கிறேன். அதிலிருந்து ‘அகூஸ்டிகோஸ்’, அதாவது கேட்டல் தொடர்பானது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் செவியையும் ஒலியையும்தான் குறித்தது. 1930களில் மின் கிட்டார் கடைக்கு வந்தது. அதுவரை வெறும் கிட்டாராக இருந்ததற்கு அப்புறம்தான் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. செல்போன் வந்த பிறகு வீட்டு போன் ‘லேண்ட்லைன்’ ஆன மாதிரி. ஆக, இசையில் இந்தச் சொல்லுக்குப் பொருள், மின்சாரத்தின் உதவியில்லாமல் கருவியின் உடம்பே எழுப்பும் ஒலி.

அந்த உடம்புக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு. யாழில் அது பத்தர், வீணையில் குடம். கிட்டாரின் மரப்பெட்டி செய்வதும் அதே வேலைதான். அதனால் ‘இயல்பொலி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இயல்பொலிக் கிட்டார், இயல்பொலிப் பாடகர். 2014-இல் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளில் ஆண்டின் புதிய கலைஞராகத் தேர்வான நாஷ்வில் பாடகி எல்லி ஹோல்கம்ப் போன்றவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பொருந்தும். இவ்வகைப் பதிவுகளை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். விரல் கம்பியில் சறுக்கும்போது எழும் மெல்லிய கீச்சொலியும், அடுத்த வரிக்கு முன் இழுக்கும் மூச்சும் பல பாடல்களில் அப்படியே இருக்கும். ஒலிக்கு இயல்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ரூட்ஸ் என்றால் வேர்கள். எந்த வேர்கள்? அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைக் காலத்தில் பாடிய ‘ஸ்பிரிச்சுவல்’ என்ற பக்திப் பாடல்கள் ஒன்று. 1871-இல் நாஷ்வில் ஃபிஸ்க் கல்லூரியின் மாணவர் குழுவான ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் அவற்றை மேடைக்குக் கொண்டு சென்றார்கள். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பக்திப் பாடல்கள் இன்னொன்று. 1927-இல் அங்குள்ள பிரிஸ்டல் ஊரில் நடந்த ஒலிப்பதிவில், நாட்டுப்புறப் பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தாரோடு தேவாலயப் பாடகர்களும் பாடினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வடிவக் குறிப்பு முறை, அதாவது ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு வடிவத்தால் எழுதிக் காட்டுவது. 1844-இல் வந்த ‘சேக்ரட் ஹார்ப்’ பாட்டுப் புத்தகத்தில் முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. பாடுபவர்கள் நான்கு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து, கருவியே இல்லாமல், முதலில் ஃபா, சோல், லா, மி என்று இந்த ஸ்வரப் பெயர்களைப் பாடிவிட்டு அப்புறம் பாட்டு வரிகளுக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் கீதத்தை ஸ்வரமாகப் பாடிவிட்டு சாகித்தியத்துக்குப் போவது போலவே.

இத்தனையையும் ‘நாட்டுப்புற இசை’ என்பதில் அடைக்க முடியாது, அது ஃபோக்குக்கு உரிய சொல். ‘பாரம்பரிய இசை’ என்றால் பழையதை மாற்றாமல் காப்பது என்றாகிவிடும். இந்த இளைஞர்கள் புதுப் பாடல்களும் எழுதுகிறார்கள். வேர் என்றால் துளிர்க்கவும் இடம் இருக்கிறது. எனவே ‘வேரிசை’. கிராமி விருதுகளில் 2015 முதல் வழங்கப்படும் ‘ரூட்ஸ் காஸ்பெல்’ பிரிவை ‘வேரிசை நற்செய்திப் பாடல்கள்’ என்று எழுதலாம்.