புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதீர்கள்

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போன மாணவி ஒருத்தியிடம், அவளுடைய நோய் பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரும்படி பள்ளி நிர்வாகம் சொல்லி அனுப்பியிருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இத்தகைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தாலும், தோளோடு தோள் உரச ஒரே பெஞ்சில் ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்தாலும் தொற்றாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸால்தானே வருகிறது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே பரவுவது ஹெச்.பி.வி. என்னும் வைரஸே தவிரப் புற்றுநோய் அன்று, அதற்கும் இந்த மாணவியின் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையில் தொற்றுக்கு அஞ்ச வேண்டியவள் அவள்தான்: சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்களுக்கு, வகுப்பில் யாருக்கேனும் வரும் சின்னம்மைகூட ஆபத்தாக முடியலாம்.

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "டைபாய்டு என்று சொல்லிவிடு" என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு மூன்று ஆண்டுகள் நீளக்கூடியது. டைபாய்டுக்கு எதற்காக முடி கொட்டியது, எதற்காக மாதாமாதம் சென்னைக்குப் போனாய் என்று தோழிகள் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல், அவள் தோழிகளையே தவிர்க்கத் தொடங்கிவிட்டாள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்ற பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மூடி மறைக்கச் சொல்லும்போது, தனக்கு நேர்ந்தது வெட்கக்கேடான ஒன்று என்றுதான் பிள்ளை புரிந்துகொள்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

'அதுதான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்தைய நாள்களில் நோய் திரும்பியிருக்குமோ என்று உறங்காமல் கிடப்பவர்கள் பலர். மூளைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் கவனமும் நினைவாற்றலும் குறையலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாமல், பாடத்துக்கும் தேர்வுக்கும் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியிடம் கேளுங்கள். வளரிளம் வயதினர் மருத்துவரைச் சிறிது நேரமாவது தனியாகச் சந்திக்க வழிவிடுங்கள். 'எனக்குக் குழந்தை பிறக்குமா?' என்ற கேள்வியை அப்பாவையும் தாய்மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் கேட்காது. (நான் பிள்ளையிடம் கேட்கும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் மாமாதான் பதில் சொல்கிறார்.)

இரண்டு வாரங்களுக்கு மேல் யாரோடும் பேசாமல், சாப்பாட்டிலும் விருப்பமானவற்றிலும் நாட்டமின்றி ஒடுங்கிக் கிடந்தால், சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.