வால்வு ஆம்ப் வாங்கும்முன் டிரான்ஸ்பார்மரை முகர்ந்து பாருங்கள்

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் பழைய கிட்டார் ஆம்ப் விலைக்கு வருகிறது என்று, சேலத்தில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் என்னைக் கூட்டிப் போனார். அமெரிக்காவில் செய்த சின்ன வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி. கிட்டார் ஒலியை முதலில் பெருக்க 12AX7, ஸ்பீக்கரை ஓட்ட 6V6, ஏசியை டிசியாக்க 5Y3 என்று மூன்றே வால்வுகள். பின்பலகையைக் கழற்றியதும் அவர் கண் நேராக வால்வுகளுக்குத்தான் போனது. “அண்ணா, மூணும் ஒரிஜினல் போலங்க!” என்றார். நான் டிரான்ஸ்பார்மரை முகர்ந்து பார்த்தேன்.

வால்வு தேய்கிற பொருள். இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சரும் அப்படியே. டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் மட்டும், அதே மாதிரி இன்னொன்று தேடுவதற்குள் ஆம்ப் வாங்கிய காசில் பாதி போய்விடும். கருகிய வார்னிஷ் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். உருகி வழிந்த மெழுகு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை.

டிரான்ஸ்பார்மர் என்ற இந்த இரும்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வால்வுக்குள் கேத்தோடு சூடேறி எலக்ட்ரான்களை விடுகிறது. சில நூறு வோல்ட் ஏற்றிய பிளேட் அவற்றை இழுக்கிறது. நடுவில் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் சேர்த்தது. ஏரி மடையைத் தூக்கி இறக்கக் கை பலம் கொஞ்சம் போதும், ஓடுவதோ ஏரித் தண்ணீர். கிட்டாரின் மில்லிவோல்ட்கள் கிரிட்டில் செய்வது அந்த மடைக்காரர் வேலை. கடைசி வால்வில் வோல்டேஜ் அதிகம், கரண்ட் கொஞ்சம். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர். அந்த மாற்றத்தைச் செய்வது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஸ்பீக்கரை மாட்டாமல் வாசித்தால் அதன் சுருளில் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷனையே துளைத்துவிடும். ஒற்றை 6V6 உள்ள இந்த மாதிரி ஆம்பை அழுத்தி வாசிக்கும்போது, சட்ஜத்தோடு மேல் சட்ஜமும் லேசாகச் சேர்ந்து ஒலிக்கும். இந்தப் பெட்டிகளைத் தேடி நான் அலைவது அந்த ஒலிக்காகத்தான்.

அமெரிக்க ஆம்ப் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. வோல்டேஜ் மாறாமல் ஹெர்ட்ஸ் மட்டும் குறைந்தால் இரும்பில் காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், டிரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சுடும். நம் மின்சாரத்தைக் குறைத்து 110 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கொடுத்தால் அந்தப் பளு கொஞ்சம் குறையும். ஆகவே அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின் டிரான்ஸ்பார்மர் மேல் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் யோசிக்க வேண்டும்.

பல வருஷம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, அது வழியாகக் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்து மங்கியது. மங்காமல் எரிந்திருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம்.

வால்வு சூடானதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அது. ஏசியை டிசியாக்கியபின் மிச்சமிருக்கும் அலையை விழுங்க வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் காய்ந்துபோயிருந்தன. சேலத்து வெயிலில் கிடந்தால் இவை இன்னும் சீக்கிரம் காயும். மலைமேல் பனிமூட்டத்தில் கிடந்தால் பழைய காகிதக் கண்டன்சர்கள் ஈரம் குடித்துக் கசியும். கசிந்தால் 6V6-இன் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, பிளேட் சிவக்கும். மீட்டரில் பார்த்தேன், கிரிட்டில் பூஜ்யம். நிம்மதி.

அப்புறம் 6V6-இன் கேத்தோடு. அங்கே 470 ஓம் ரெசிஸ்டர். அதன்மேல் 19 வோல்ட். வகுத்தால் சுமார் 40 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட். பெருக்கினால் 12 வாட். 6V6 தாங்குகிற அளவுதான். 12AX7-இன் உச்சியில் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. காற்று புகுந்திருந்தால் அது பால் வெள்ளையாக மாறியிருக்கும். பென்சிலால் தட்டியபோது ஸ்பீக்கரில் மெல்லிய ‘டிங்’, அவ்வளவுதான்.

வாங்கினால் என்ன மாற்றலாம் என்று தம்பி கேட்டார். முதலில் ஒயர். இரண்டு பின் பிளக், போதாக்குறைக்கு மெயின்ஸிலிருந்து சேசிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கு ஒரு கண்டன்சர். அது ஷார்ட் ஆனால் கிட்டார் தந்தியிலேயே கரண்ட் வரும். அதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று பின் ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் நட்டு வைத்து முறுக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. அடுத்து எலக்ட்ரோலிட்டிக்குகள். பெரிதாகப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்று தோன்றும், ஆனால் 5Y3-க்கு அடுத்து நிற்கும் முதல் கண்டன்சரை 20 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகவிடாதீர்கள். அது நிரம்ப இழுக்கும் கரண்ட் வால்வைத் தின்றுவிடும். டோன் பக்கத்துப் பாகங்களை அவர் கொஞ்ச காலம் வாசித்துப் பார்க்காமல் தொடவேண்டாம் என்றேன்.

ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வைக்கிறேன். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கண்டன்சருக்கும் ஒயருக்கும் ஆகும் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டோம். ஆம்பை விற்ற பெரியவர் ஒத்துக்கொண்டார். வால்வுகள் ஆறியதும் கழற்றித் துண்டில் சுற்றினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடியும்வரை தம்பி அந்தத் துண்டை மடியிலேயே வைத்திருந்தார்.