வாலைப் பிடித்து இழுக்கும் அம்மா

குரங்குக் குட்டி ஒன்று அம்மாவின் மடியிலிருந்து நழுவி இறங்குகிறது. எதிரே இன்னொரு குட்டி, வாயை 'ஆ'வென்று திறந்துகொண்டு நிற்கிறது. கடிக்க வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள், 'விளையாட வர்றியா?' என்பதற்கு அதுதான் முகம். குட்டி ஓரடி வைப்பதற்குள் அம்மா அதன் வாலைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் ஆட்டம்.

தாய்க்குரங்கு குட்டியோடு அதிகம் விளையாடுவதில்லை. ஆனால் பிடியை எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது தளர்த்துவது என்பது அதன் முடிவு. குட்டிக்கு யார் கூட்டாளி என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

1960களில் அமெரிக்காவில் ரோசன்ப்ளம், காஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு இனங்களை ஒப்பிட்டார்கள். தென்னிந்தியாவின் நாட்டுக்குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். தாய் தன் குட்டியை மற்றவை தொடவும் தூக்கவும் விடும். தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகளிலோ தாய் தள்ளியே உட்காரும், குட்டியையும் லேசில் விடாது. விளைவு விளையாட்டில் தெரிந்தது. நாட்டுக்குரங்குக் குட்டிகள் சேர்ந்து கட்டிப்புரண்டன. பன்றிவால் குட்டிகளிடம் தனியாகத் தாவுவதும் தொங்குவதுமே அதிகம்.

சரி, குட்டி வளர வளரத் தானாகவே விலகிப் போகாதா? கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹைண்ட் என்ற ஆய்வாளர் ரீசஸ் என்ற குரங்கினத்திடம் இதைத்தான் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்: நெருங்குவது யார், விலகுவது யார்? முதலில் குட்டியை விடாமல் வைத்திருப்பது தாய். பிறகு தள்ளிவிடுவதும் தாய்தான். பக்கத்திலேயே இருக்கப் பாடுபடுவது குட்டி. குட்டியின் சுதந்திரத்தில் தாயின் மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது, எனக்கு, இந்தக் கதையிலேயே சுவையான இடம்.

அப்புறம் அந்தஸ்து. மக்காக் குரங்குகளில் (இதுவரை பார்த்த மூன்று இனங்களும் இந்த வகைதான்) குட்டியின் இடம் தாயின் இடத்தை ஒட்டியே அமைகிறது. முரட்டு ஆட்டத்தில் ஒரு குட்டி வீறிட்டால், அதன் அம்மா பாய்ந்து வரலாம். வருவது கூட்டத்தில் பெரிய கை என்றால், எதிர்க்குட்டியின் தாய்க்கு மோதும் தைரியம் இருக்காது. தன் குட்டியை முன்கூட்டியே இழுத்துக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு.

தாயின் பிடி இரையையும் பொறுத்தது. 1984இல் ரோசன்ப்ளம் வெளியிட்ட சோதனையில், நாட்டுக்குரங்குத் தாய்கள் சிலவற்றுக்கு எப்போதும் எளிதாக இரை கிடைத்தது, சிலவற்றுக்கு எப்போதும் தேடித்தான் கிடைத்தது. மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும் மாறி மாறி வந்தன. எப்போதும் சிரமப்பட்ட தாய்கள் அதற்குப் பழகிக்கொண்டன. மூன்றாவது கூட்டத்தின் குட்டிகள்தான் விளையாட்டைக் குறைத்துக்கொண்டு, அம்மாவின் ரோமத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.