விவாகரத்திலும் ஜீவனாம்சத்திலும் வருமானத்தை மறைக்க முடியுமா? தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்வது

"கடையில் வியாபாரமே இல்லை, நான் எங்கிருந்து கொடுப்பேன்?" பிரிந்து வாழும் கணவர் இப்படிச் சொன்னதும் நம் பெண்கள் பலர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வழக்கென்று வந்துவிட்டால் வாயால் சொன்னால் போதாது, கணக்கைக் காட்டியாக வேண்டும்.

முதலில் பிள்ளைகளின் ஜீவனாம்சம். இதற்கு 1998ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சாட்ஸ்வொர்த், வெருலம் போன்ற இடங்களில் உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. உங்கள் வருமானத்தையும், வாடகை, சாப்பாடு, மின்சாரம், பள்ளிக் கட்டணம், டாக்ஸிச் செலவு என்று மாதச் செலவையும் படிவத்தில் எழுத வேண்டும். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, ரசீதுகள் எல்லாம் கையோடு இருக்கட்டும். எதிர்த்தரப்பும் தன் கணக்கை வைக்க வேண்டும்.

வைக்காவிட்டால்? கோர்ட்டில் இந்த மனுக்களைக் கவனிக்கும் பராமரிப்பு அதிகாரி விசாரிக்கலாம். அவர் கேட்டுக்கொண்டால், சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, அந்தப் பண நிலவரம் தெரிந்த யாரையும் விசாரணைக்கு வரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வேலை கொடுத்த முதலாளியையும் அப்படி அழைக்கலாம். இது பலருக்குத் தெரியாது. நீங்களாகவே அதிகாரியிடம் கேளுங்கள். ரொக்கத்தில் வியாபாரம் செய்பவர் வருமானமே இல்லை என்பார். ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினால் மாதம் தவறாமல் கார் தவணை போயிருக்கும். அந்த வரியைப் பேனாவால் கோடிட்டுக் காட்டுங்கள். எந்தப் பணத்தில் இந்தத் தவணை கட்டப்படுகிறது என்று அவர் பதில் சொல்லட்டும்.

விவாகரத்து வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தால், தீர்ப்பு வரும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்க விதி 43 இருக்கிறது. இருவரும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மை சொல்லும் கடமை கேட்கிறவருக்கும் உண்டு. டு ப்ரீஸ் வழக்கில் நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. செலவைக் கூட்டியோ வருமானத்தைக் குறைத்தோ எழுதினால் மனுவே தள்ளுபடியாகலாம். அண்ணன் மாதாமாதம் அனுப்பும் பணம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம் சொத்து. 1984 நவம்பர் 1க்குப் பிறகு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, தனிச்சொத்து முறையில் திருமணம் செய்தவர்களுக்கு, ஒப்பந்தத்தில் விலக்காவிட்டால், 'அக்ரூவல்' முறை பொருந்தும். அதாவது, மண வாழ்க்கையில் இருவரின் சொத்தும் எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்துப் பங்கு போடுவார்கள். அந்தக் கணக்கு தேவைப்படும்போது ஒருவர் கேட்டால், மற்றவர் தன் சொத்து மதிப்பின் முழு விவரத்தையும் நியாயமான காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். திருமணச் சொத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்வது இதுதான். எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமே எழுதாதவர்களுக்குப் பொதுவாகக் கூட்டுச் சொத்துதான். ஓய்வூதிய நிதியையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நடத்திவைத்தவர் பதிவு பெற்ற திருமண அதிகாரி இல்லையென்றால் விவாகரத்துச் சட்டத்தின் வழியில் போவது கடினம், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்குக் கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நாளைக்கே போகலாம்.