பனியில் மறைந்து வெயிலில் தெரியும் கீறல்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய கறுப்புக் கார் இரவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சாலையோரத்தில் நிற்கிறது. காலைப் பனிமூட்டத்தில் பார்த்தால் கதவில் ஒரு குறையும் இல்லை. பத்து மணி வெயில் ஏறியதும் முழ நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. மறுநாள் காலை பார்த்தால் அது மறுபடி காணோம். “வீட்டில் கண் திருஷ்டி என்கிறார்கள், எலுமிச்சையும் மிளகாயும் கட்டச் சொல்கிறார்கள். டூத்பேஸ்ட் தேய்த்தால் போய்விடும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?”

வந்து வந்து மறையும் கீறல் என்பதுதான் இந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

காரின் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல என்பது பலருக்கும் தெரியும். எஃகுத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான்; நம் தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். அவ்வளவு மெல்லிய அந்தப் படலத்தைக் கீற சாவியோ ஆணியோ வேண்டியதில்லை. நீலகிரியின் சார்னோக்கைட் பாறையில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் உண்டு. பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. அந்தப் பாறை தேய்ந்து உண்டான மண் சாலைத் தூசியாகிக் கதவில் படிகிறது. அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், கோடு விழும். பானட்டில் ஏறிச் சறுக்கும் குரங்கின் நகத்தோடு, அதன் உள்ளங்காலில் ஒட்டிய மணலும் சேர்ந்தே கீறுகிறது.

இனி அந்த வெள்ளை நிறத்துக்கு வருவோம். கிளியர் கோட்டில் வெள்ளையாக எதுவும் கிடையாது. கீறலுக்குள் இருப்பது வெறும் காற்று. பிறகு வெள்ளை எங்கிருந்து வருகிறது?

ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். கிளியர் கோட்டுக்கு அது சுமார் 1.5, காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் எல்லையில் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்பிவிடும். வழுவழுப்பான கதவில் அந்த 4 சதவீதம் முழுவதும் ஒரே திசையில் போகிறது. அந்தத் திசையில் நம் கண் இல்லையென்றால் நமக்குக் கறுப்பு மட்டுமே தெரியும். கீறலின் சுவர்களோ கரடுமுரடாக, நூறு கோணங்களில் சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு சிறு முகமும் வெயிலைத் தன் போக்கில் வீசுகிறது. எங்கே நின்றாலும் அதில் கொஞ்சம் நம் கண்ணுக்கு வந்துசேரும். எல்லா நிற ஒளியும் கலந்தே வருவதால் அது வெள்ளை.

இப்போது அந்தப் பள்ளத்தில் பனி ஈரம் நிரம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. 1.5, 1.33 என்ற இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 4 சதவீதம் 0.36 சதவீதமாகச் சரிகிறது. பதினோரு மடங்கு குறைவு! சுவர்கள் அதே கரடுமுரடோடுதான் இருக்கின்றன, ஆனால் ஒளிக்கு அவை ஏறக்குறைய தென்படுவதே இல்லை. பஜ்ஜி வைத்த காகிதம் எண்ணெய் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவும்படி ஆகிறதே, அதே கணக்குதான். அங்கே காகித இழைகளுக்கு நடுவே இருந்த காற்றை எண்ணெய் விரட்டுகிறது, இங்கே கீறலில் இருந்த காற்றைப் பனிநீர் விரட்டுகிறது.

இதோடு முடியவில்லை. மலைப்பனி இன்னொன்றும் செய்கிறது. வெயில் வானத்தில் ஒரு சிறு வட்டத்திலிருந்து வருகிறது. பனிமூட்டத்திலோ ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது. கறுப்புக் கதவு அந்த வெண்மையையே பிரதிபலித்துச் சாம்பல் பூத்து நிற்கும், கீறலின் வெண்மை அதில் கரைந்துவிடும். பனி விலகியதும் அதே கதவில் கரும்பச்சைத் தேயிலைச் சரிவு தெரிகிறது. அந்த இருட்டின் மேல் கீறல் வெயிலை வாரி இறைக்கிறது. வாசகரின் கீறல் காலையில் மறைவதற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

எல்லையில் எவ்வளவு ஒளி திரும்பும் என்ற இந்தக் கணக்கை 1823ல் வகுத்துத் தந்தவர் ஃபிரனெல். பிழைப்புக்கு அவர் பிரான்சு அரசின் சாலைப் பொறியாளர். ஒளி ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்க மிகவும் திண்டாடியவர். 1884ல் டென்மார்க்கின் இயற்பியலாளர் கிறிஸ்டியன்சன், கண்ணாடித் தூளை அதே ஒளிவிலகல் எண் உள்ள திரவத்தில் போட்டு, வெள்ளைத் தூள் தெளிந்துபோவதைக் காட்டினார். அந்தச் சோதனையின் கோட்பாட்டைப் பற்றி நம் சர் சி.வி. ராமன் 1949ல் ஒரு கட்டுரையே எழுதினார். நோபல் பரிசு வாங்கி 19 ஆண்டுகள் ஆன பிறகும் கண்ணாடித் தூள் அவருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை! “இதனால் உடனடிப் பயன் என்ன” என்று கேட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசலிலேயே பனி இருக்கிறது. கீறிய கண்ணாடிச் சில்லும் செல்போன் கேமராவும் கொடுத்தால் இதை அவர்களே அளந்து பார்ப்பார்கள்.

திருஷ்டி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காரணத்தைத் திருஷ்டியில் வைத்துவிட்டால் கீறலை யாரும் கிட்டே போய்ப் பார்க்கமாட்டார்கள். தகடு வரை இறங்கிய கீறலாக இருந்தால், அந்த அலட்சியத்தில் துரு பிடித்துவிடும். எலுமிச்சைச் சாறு அமிலம் வேறு. வெளியே தெரியும் எஃகின் மேல் அது சொட்டக் கூடாது.

கிட்டே போய் என்ன பார்ப்பது? தூசியைக் கழுவிவிட்டு, ஈர விரலால் கீறலைத் தேயுங்கள். மெழுகு பூசிய காரில் நீர் முத்தாக உருண்டுவிடும், ஆகவே நன்றாகவே தேய்க்க வேண்டும். கோடு மறைந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. மறையாமல் வேறு நிறம் தெரிந்தால் பிரைமரையோ தகட்டையோ தொட்டுவிட்டது. நகம் தட்டி நிற்கும் கீறலும் பெரும்பாலும் ஆழமானதுதான்.

மேலோட்டமான கீறலுக்கு இரண்டே வழி. ஒன்று, பள்ளத்தை நிரப்புவது. மெழுகும் தேங்காய் எண்ணெயும் இதைத்தான் செய்கின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண் தண்ணீரைவிடக் கிளியர் கோட்டுக்கு நெருக்கம், அதனால் இன்னும் நன்றாக மறைக்கும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும் என்பதால் அதை நான் சொல்லமாட்டேன். இரண்டாவது, சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது. ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் அந்த வேலைக்குத்தான். டூத்பேஸ்டில் இருக்கும் சிலிக்காவும் சுண்ணாம்புத் தூளும் அதையே அரைகுறையாகச் செய்யும். மயிரிழைக் கோட்டுக்கு அது போதும், ஆனால் ஒரே சீரான தூள் இல்லாததால் புதிதாக மங்கலும் விழலாம். தேய்த்த கிளியர் கோட் திரும்ப வளராது. மலையில் ஏற ஏற, 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அந்தப் படலம் ஏற்கெனவே அதிகம் அடிவாங்குகிறது. ஆண்டுதோறும் காரை முழுக்கப் பாலிஷ் போட்டுத் தரும் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கீறல் உள்ள இடத்தில் மட்டும் போதும்.

தகடு தெரிந்தால் பாலிஷ் பயன்படாது, டச்சப் பெயின்ட்தான். ஈரம் உள்ளே சிக்கினால் பெயின்டுக்குக் கீழேயே துரு பரவும். ஆகவே வெயில் நன்றாக ஏறிய பிறகு, இடத்தைத் துடைத்துக் காயவைத்துப் பூசுங்கள். மழை விடாத நாட்களில் தற்காலிகமாக நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்கலாம். பெயின்ட் வாங்கும்போது “கறுப்பு” என்று மட்டும் கேட்காதீர்கள். கறுப்பிலேயே பல உண்டு. பல கார்களில் கதவுச் சட்டத்திலோ இன்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும், அதைக் காட்டி வாங்குங்கள்.