ஊசி பச்சையாகத்தான் இருக்கிறது, மரம்தான் இல்லை

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு." போன்சாயாக, அதாவது தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் பைன் மரத்தைக் கையில் ஏந்தி என் நாற்றங்காலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் நுனிமொட்டைத் தொட்டுப் பார்ப்பேன். உயிருள்ள மொட்டு கெட்டியாக இருக்கும். செத்தது விரலில் பொடியாக உதிரும். அப்புறம் தண்டின் பட்டையை நகத்தால் துளி சுரண்டினால், பச்சை தெரிய வேண்டிய இடத்தில் காய்ந்த பழுப்பு. ஊசியிலைகளோ இன்னும் பச்சையாகவே நிற்கும். மரம் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மெல்லிய இலைச் செடிகள் தண்ணீர் இல்லையென்றால் அன்றைக்கே தொங்கிக் காட்டிவிடும். பைன் ஊசியின் மேல் தடித்த மெழுகுப் பூச்சு இருப்பதால், வேர் செத்த பிறகும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதனால் இன்று மஞ்சளிக்கிறது என்றால் காரணத்தை நேற்று செய்ததில் தேடாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் பின்னால் போய்த் தேடுங்கள். இது தெரியாமல் பதறிப்போய்த் தண்ணீரும் உரமும் கூட்டி ஊற்றினால், பிழைக்க இருந்த வேரும் அழுகிவிடும்.

சரி, விதையிலிருந்து வருவோம். 'போன்சாய் விதை' என்று தனியாக ஒன்று கிடையாது. போன்சாய் என்பது வளர்க்கும் முறை, மரத்தின் இனம் அல்ல. காட்டில் ஓங்கி வளரும் பைனின் விதைதான் தொட்டிக்கும். குள்ள மரப் படம் போட்ட பாக்கெட்டில் தாவரவியல் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது ஜப்பானியக் கருப்புப் பைன், அதாவது பைனஸ் துன்பெர்ஜி. ஒவ்வொரு கொத்திலும் இரண்டு ஊசி இருக்கும்; முரட்டு மரம், வெயிலைத் தாங்கும். ஐந்து ஊசி கொண்ட வெள்ளைப் பைன் அழகுதான். ஆனால் வளர்ச்சி மந்தம், கடும் வெப்பம் ஆகாது. தொழில்முறை வளர்ப்பாளர்களே பல நேரம் அதைக் கருப்புப் பைன் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

விதையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். மூழ்கியவை பெரும்பாலும் முளைக்கும், மிதப்பவை பெரும்பாலும் பதர். மூழ்கியவற்றை ஈர மணலில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் 4 முதல் 8 வாரம் விடலாம். குளிர்காலம் முடிந்தது என்று விதை நம்பினால்தான் ஒரே சீராக முளைக்கும். ஃப்ரீஸரில் வைத்துவிட்டு வந்து கேட்டவர்களும் உண்டு. வேண்டாம்.

முளைத்த பிறகுதான் நாற்றழுகல் வரும். நேற்று மாலை விதையோட்டைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக இளைத்திருக்கும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் நிற்பதைக் காப்பாற்றலாம். தோட்டத்து மண்ணும் தொழு உரமும் வேண்டாம், கழுவிச் சலித்த மணல் போதும். காற்று ஓட வேண்டும், மேல்மணல் காய்ந்த பிறகே தண்ணீர். அந்தத் தொப்பியைப் பிடுங்கி உதவி செய்யாதீர்கள், விதையிலையும் சேர்ந்து அறுந்துவிடும். ஐந்து மரம் வேண்டுமென்றால் இருபது விதையாவது போடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வேரை மொத்தமாக வெட்டியெறிந்துவிட்டு, தண்டை வேர் ஊக்கியில் தோய்த்து மறுபடி நடுகிற முறை ஒன்று உண்டு. ஆணிவேர் போய், தண்டைச் சுற்றி நாலாபக்கமும் வேர் விடும். பிற்காலத்தில் தூர் அழகாக விரியும். செய்யலாம். ஆனால் பாதி நாற்றுகளில் மட்டும் செய்யுங்கள். பயந்துகொண்டு கை நடுங்க வெட்டினால் இழப்பும் அதிகமாகத்தான் இருக்கும்.

மண்ணில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள கல்துகள், தூள் முழுக்கச் சலித்து நீக்கியது. ஊற்றிய தண்ணீர் நொடியில் அடியில் வந்துவிட வேண்டும். வேரில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, பூஞ்சைக்கொல்லி ஊற்றிக் குழாயடியில் கழுவிக் கொண்டுவந்தார் ஒருவர். அது மைக்கோரைசா. பைன் வேரோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் நல்ல பூஞ்சை, மரத்துக்கு நீரும் சத்தும் தேடிக் கொடுப்பது. பாவம், அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

அடுத்தது ஜன்னலோர ஆசை. பைன் வீட்டுக்குள் வாழாது. "ஹிரோஷிமாவையே தாங்கின மரம், என் ஹாலைத் தாங்காதா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் சொன்னது 1625 முதல் பயிற்றுவிக்கப்பட்டு வரும் யமாகி குடும்பத்து வெள்ளைப் பைனை. 1945 ஆகஸ்ட் 6 அன்று அது ஹிரோஷிமாவில் அவர்கள் நாற்றங்காலின் சுவருக்குப் பின்னால், திறந்த வெளியில் நின்றிருந்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. அணுகுண்டுக்குத் தப்பிய மரம் என்பதே 2001இல் யமாகி குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் தேடி வந்தபோதுதான் அங்கே தெரியவந்தது. சொல்லிவிட்டு, "அதுவும் வெளியிலதான்டா நிக்குது" என்றேன்.

ஆனால் அதிக மரங்களைக் கொல்வது மண்ணோ ஜன்னலோ அல்ல, ஆர்வம். இரண்டு வயது நாற்றைச் சின்னப் பீங்கான் தட்டுக்கு மாற்றி, வளைத்து வடிவம் கொடுக்க அன்றே கம்பி சுற்றி, அன்றே நுனியும் கிள்ளிவிடுகிறார்கள். தட்டுக்குப் போனதும் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பென்சில் பென்சிலாகவே இருக்கும். முதல் ஐந்தாறு வருடமாவது வலைக்கூடையிலோ பெரிய தொட்டியிலோ விடுங்கள். உச்சிக்கிளை தாறுமாறாக ஓடட்டும். அடிமரத்தைப் பருக்க வைப்பது அதுதான், வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம். அடியில் இருக்கும் சின்னக் கிளைகளைத்தான் கண்போலக் காக்க வேண்டும், ஏனென்றால் ஊசியே இல்லாத மொட்டைக் கட்டையில் பைன் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

கம்பி சுற்ற இரண்டாம், மூன்றாம் வருடம் சரியான காலம், தண்டு அப்போது வளையும். வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், கம்பி பட்டையைக் கடித்துவிடும். வீடியோக்களில் கோடையின் தொடக்கத்தில் கொழுந்தை மொத்தமாக வெட்டுகிறார்களே, அது வடிவம் வந்த கருப்பு, சிவப்புப் பைன்களுக்கு. அவை அதே வருடம் மறுபடி துளிர்க்கும். வெள்ளைப் பைன் துளிர்க்காது. நாற்றுக்கு எந்த இனமானாலும் இந்த வேலை கிடையாது.

தொட்டி மாற்றுவது குளிர்காலக் கடைசியில், மொட்டு உப்பும்போது. வேர்மண்ணில் பாதியை அப்படியே விடுங்கள். அந்த வருடம் வேறு எந்தப் பெரிய வேலையும் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தட்டு நாற்று முழுவதற்கும் வேரும் கம்பியும் ஒரே நாளில் செய்து முடித்தேன். ஆறு வாரம் எல்லாம் பச்சையாக இருந்தன. பெருமையாகப் படம்கூட எடுத்து வைத்தேன். ஏழாவது வாரம் மொட்டுகள் உதிரத் தொடங்கின.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்னச் சீட்டு செருகி, கடைசியாக என்ன செய்தேன் என்பதைத் தேதியோடு எழுதி வைக்கிறேன். கத்திரியை எடுக்கும் முன் சீட்டைப் பார்ப்பேன். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.